சுஜி நீட்டிய கை

அவைக்குத் தலைமையேற்று அழகு சேர்க்கும் ஜெயசிங் ஐயா அவர்களே, அருகே அமர்ந்திருக்கும் ஆன்றோர்களே, வேலைக் களைப்பையும் பாராமல் வந்து வீற்றிருக்கும் தாய்மார்களே, களியக்காவிளைச் சபை மண்டபம் நிறைந்த அன்பு நெஞ்சங்களே, வணக்கம்!

சான்டா வகுப்பின் ஆண்டுவிழாவில், இதே வகுப்பில் பயின்று, வரும் திங்களன்று நீதிமன்றப் படியேறப் போகும் நம் சுஜிக்காகப் பேச வந்தேன். சான்டா என்றால் என்ன? குங்ஃபூவின் குத்தும் உதையும் எடுத்து, மல்லர்களின் பிடியும் எடுத்து, அலங்காரத்தை உதறி, ஆபத்தில் உதவுவதை மட்டும் அள்ளிச் சேர்த்து, சென்ற நூற்றாண்டில் சீன வீரர்கள் செதுக்கிய தற்காப்புக் கலை!

"சைனாக்காரனுக்க அடி நமக்கு எதுக்கு?" என்று முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. ஐயா, உங்கள் வீட்டில் மீன் பொரிப்பது சீனச்சட்டியில்தானே? அதை என்றைக்காவது திருப்பி அனுப்பினீர்களா? சிரிக்கிறீர்கள், சரி.

போன மாதம் ஒரு மாலை. துணிக்கடை வேலை முடிந்து நெடுஞ்சாலை ஓரம் பேருந்துக்கு நிற்கிறாள் சுஜி. சற்றுத் தள்ளி, அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த நான், கையில் குடையோடு. பல நாளாய் அவளைப் பின்தொடர்ந்த ஒருவன் வந்து மறித்தான். "போன எடுக்க மாட்டியா? வாட்டி எனக்க கூட!" என்று கையைப் பிடித்தான். "கைய விடு" என்றாள். விட்டானா? அவள் உதறியதும் வெறிகொண்டு வயிற்றைப் பார்த்து உதைத்தான். நான் குடையை மடக்குவதற்குள் எல்லாம் முடிந்தது! வந்த காலை வாங்கினாள், விலாவோடு இறுக்கினாள், நின்ற காலைத் தட்டினாள். ஆறடி ஆள் தாரில் மல்லாந்தான்!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! ஆனால் என்னை உலுக்கியது அதுவல்ல.

விழுந்த வேகத்தில் அவன் உருண்டு கிடந்தது நடுச்சாலையில். எதிரே சரக்கு லாரி அலறி வருகிறது. மூச்சடைத்து அவனால் எழ முடியவில்லை. யார் ஓடியது? நானா? நான் மரத்துப்போய் நின்றேன். சுஜி ஓடினாள்! கையை நீட்டினாள், அவன் கையைப் பற்றினாள், ஒரே இழுப்பில் ஓரத்தில் சேர்த்தாள். லாரியின் காற்று எங்கள் முகத்தில் அறைந்தது. தாய்மார்களே, இப்போதும் எனக்கு மெய் சிலிர்க்கிறது!

"ஏட்டி, காலத் தூக்கி உன்ன சவுட்ட வந்தவனுக்கா கை குடுத்த?" என்றேன்.

"தள்ளி விட்டவதான் தூக்கி விடணும் சாரே. ஆன்ட்ரூஸ் மாஸ்டருக்க சான்டா கிளாஸ்ல அதுதான் வழக்கம். யோசிக்கவே இல்ல, கையி தன்னால போச்சு."

"அப்ப அவன மன்னிச்சிட்டியா?"

"அது எப்படி? தூக்கி விட்டாச்சு. இனி ஸ்டேஷனுக்குப் போவணும். சாட்சி சொல்ல வருவியளா?"

வணங்கத் தோன்றியது எனக்கு! கூடவே போனேன், வழக்கும் பதிவானது. ஆனால் ஊர் என்ன சொல்கிறது? "உயிரைக் காப்பாற்றியவளே வழக்கையும் விட்டுவிடலாமே" என்கிறது. ஏன் விட வேண்டும்? எதற்காக விட வேண்டும்? இரக்கம் காட்டியவள் நியாயம் கேட்கக்கூடாதா? அவன் உயிரை அவள் காத்தாள். அவள் மானத்தை யார் காப்பது?

திங்கட்கிழமை காலை அவள் தனியாகப் போவாளா? தாய்மார்களே, வருவீர்களா?

"வருவோம் சாரே!"

கேட்டாயா மகளே! போதும், இனி எனக்குப் பேச்சில்லை. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. நீதிமன்ற வாசலில் சந்திப்போம். வணக்கம்!