ஒரு ஜோடி ரப்பர் கையுறை

கொட்டும் மழையிலும் இந்தக் கூடாரத்தை நிறைத்திருக்கும் சான்றோர்களே! தலைமை தாங்கும் பெரில் டோலி அம்மையார் அவர்களே! நகக்கண்ணில் கிரீஸோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்களே! தேநீரும் கேக்கும் தந்து எங்களைத் தாங்கும் தாய்மார்களே! வூஸ்டர்ஷைர் சிறுகார் சங்கச் செயலாளர் ரோவீனாவின் ஈர வணக்கம்!

குழம்பி நிற்கிறேன். ரைலி எல்ஃப் கார் வைத்திருப்பவர்களும் உல்ஸ்லி ஹார்னெட் கார் வைத்திருப்பவர்களும் ஒரே சங்கமாய் இருப்பதா, இரண்டாய்ப் பிரிவதா? உங்கள் வாக்குகள் சரிபாதி. விதிப்படி கடைசி வாக்கு என்னுடையது. எல்ஃப் என் அப்பா கிளைவுடையது. ஹார்னெட் என் சித்தப்பா நார்மனுடையது. பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பி, ஆண்டுக்கு ஒருமுறை ஒரே புல்வெளியில் நிற்பது இங்கேதான். பிரித்தால் அதுவும் போய்விடும்.

ஒப்பிட்டுப் பார்த்தேன் அவையோரே! இரண்டும் மினி என்னும் ஒரே தாய்க் காரின் பிள்ளைகள். அதே என்ஜின், அதே குட்டிச் சக்கரம், பின்னால் துருத்தும் அதே பெட்டி. எல்ஃபின் உள்ளே ஓட்டுபவர் முன்னால் உள்ள மரப்பலகை கதவுக்குக் கதவு ஓடுகிறது. ஹார்னெட்டில் நடுவோடு நின்றுவிடுகிறது. ஹார்னெட்டின் மூக்கில் பெயர் பொறித்த வில்லை விளக்குப்போல் ஒளிரும், எல்ஃபில் ஒளிராது. இதற்கா பகை? இதற்கா பிரிவு?

என்ன ஐயா? விலையா? ஆமாம், எல்ஃப் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல்தான். உட்காருங்கள்.

அண்ணன் தம்பி பகை மூண்டதும் அந்த வில்லையால்தான். "என் வண்டி ராத்திரியிலும் பேரு சொல்லும்ணா" என்றார் சித்தப்பா. "எழுதிக் காட்டலேன்னா அது என்ன வண்டின்னு உனக்கே தெரியாதேடா" என்றார் அப்பா. அவ்வளவுதான்!

இன்று காலை அப்பாவோடு வந்தேன். பாலத்தடியில் தேங்கிய மழைநீரைத் தாண்டியதும் சித்தப்பாவின் வண்டி நின்று கிடந்தது. அப்பா சிரித்தார்: "பாத்தியா ரோ, பேரு பளபளன்னு எரியுது, வண்டி நகரக் காணோம்!"

சிரித்து முடிப்பதற்குள் எங்கள் வண்டியும் படுத்தது.

இந்த வண்டிக் குடும்பத்து நோய் உங்களுக்குத் தெரியாததா? மூக்கு வழியே மழை புகும், என்ஜினுக்குத் தீப்பொறி பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி நனையும், மூச்சு நிற்கும். மருந்தும் தெரியும்: பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. விரல் நுனிகளை வெட்டி மூடிமேல் மாட்டினால் நான்கு விரல் வழியே நான்கு கம்பி, கட்டைவிரல் வழியே நடுக்கம்பி, மழை புகாது. அப்பா இருக்கைக்கு அடியிலிருந்து புது ஜோடி எடுத்தார். மூடியைத் துடைத்து ஒன்றை மாட்டினார்.

சித்தப்பா வானத்தைப் பார்த்துச் சொன்னார்: "இன்னொரு கை சும்மாதானே கெடக்கு?"

"இது ரைலிக்கு வாங்குனது. உல்ஸ்லிக்குச் சேருமா?"

"குடுண்ணா. மாட்டிப் பாத்தாத்தானே தெரியும்!"

சேர்ந்தது அவையோரே! விரலுக்கு விரல், கம்பிக்குக் கம்பி சேர்ந்தது! இரண்டும் ஒரே குரலில் உறுமின. யார் முதலில் கிளம்பினார் என்று இப்போதே தகராறு, அதைக் கேட்காதீர்கள்.

எல்ஃப் உயர்வா, ஹார்னெட் உயர்வா? சத்தியமாகத் தெரியவில்லை. கண்ணைக் கட்டி ஏற்றினால் யார் வண்டியில் இருக்கிறேன் என்றுகூட என்னால் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் தெரிகிறது. வலது கை ரைலிக்குள் இருக்கிறது. இடது கை உல்ஸ்லிக்குள் இருக்கிறது. ஒரு ஜோடியை இரண்டு சங்கத்தில் எப்படிச் சேர்ப்பேன்?

என் வாக்கு, ஒரே சங்கத்துக்கு!

சித்தப்பா, கையுறையைக் கழற்ற எழுந்து போகாதீர்கள். திருப்பித் தர வேண்டாமாம், அப்பா தலையாட்டுகிறார். நனைந்தபடி கேட்ட நல்லுள்ளங்களுக்கு நன்றி. வண்டிகள் கிளம்பட்டும், வணக்கம்!