வெறும் பெட்டியின் கனம்

சாயங்காலம் நாலே கால் மணி. ஏலப்பாறைக்குக் கீழே ஆற்றோரமாக இறங்குகிற பழைய சாலை. போன ஆடி மாதம், இதே மாதிரி மழை... அந்தச் சாலையில் பஸ் கிடையாது. ஜீப்பும் நாலு மணிக்கு மேல் இறங்காது.

டார்ச்சை அணையுங்கள். கரண்டு வருகிறபோது வரட்டும், தேயிலை எங்கேயும் ஓடிப் போகாது. மொக்கையன் சிரிக்கிறான். சிரிடா... ஃபாக்டரி ஷிப்டு முடிந்து லயத்து வீட்டுக்குத் தனியாக நடக்கப் போகிறவன் நீதான். இது நம் பாஸ்கலின் தங்கை அன்னமேரிக்கு நடந்தது. பாஸ்கல் இன்றைக்கு லீவு. அவன் இருந்தால் இந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டான்.

அன்னமேரிக்கு ஆற்றை அளக்கிற வேலை. தினக்கூலிதான். இரண்டு கரையிலும் இரும்புக் கோபுரம், நடுவில் கட்டைவிரல் பருமனுக்குக் கம்பி வடம். வடத்தில் ஒரு இரும்புப் பெட்டி தொங்கும். அதில் ஆள் உட்கார வேண்டும். கரையில் இருப்பவர் வின்ச் என்கிற கைச்சக்கரத்தைச் சுற்றி நடு ஆற்றுக்கு அனுப்புவார். அங்கிருந்து கருவியை இறக்கித் தண்ணீர் போகிற வேகத்தைக் குறிக்க வேண்டும்.

அன்றைக்கு ஆரஞ்சு அலர்ட். மறுநாள் காலை ஆறு மணிக்கு அணையில் ஷட்டர் திறக்கிறார்கள். அதற்கு முன்னால் அன்னமேரி பெட்டியில் ஏறி அளக்க வேண்டும். வடத்தைச் சோதித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஏறமாட்டேன் என்று அவளால் சொல்ல முடியாது. அந்த வேலைக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். வடம் கெட்டுப் போயிருக்கட்டும், ஏறாமல் தப்பலாம் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாளாம், பாவம்.

அன்று சாயங்காலம் வடத்தைச் சோதிக்க வந்தவர் பூபதிராஜா. பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்க்காரர். பைக்கில் மழையோடு மழையாக வந்தார். பழந்துணியை வடத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு எட்டுகிற தூரம் வரை இழுத்துப் பார்த்தார். ஒரு கம்பி அறுந்திருந்தாலும் துணி மாட்டும். மாட்டவில்லை. நட்டுகளைத் தட்டிப் பார்த்தார். டங்... டங்... எல்லாம் இறுக்கம். வடத்தைப் பிடித்திருக்கிற கான்கிரீட்டில் ஒரு கீறல் இல்லை.

கடைசியாக வடத்தின் தொய்வு. எதிர்க்கரையில் ஒரு கம்பம், அதில் மூன்று கோடுகள். பெட்டியை நடு ஆற்றில் நிறுத்திவிட்டு, இந்தக் கரைத் தூணில் உள்ள துளை வழியாகப் பார்க்க வேண்டும். வெறும் பெட்டி என்றால் வடம் வெள்ளைக் கோட்டில் நிற்கும். ஒரு ஆள் இருந்தால் மஞ்சள். இரண்டு ஆள் என்றால் சிவப்பு. அவ்வளவுதான் கணக்கு.

வெறும் பெட்டியை அனுப்பினார்கள். அன்னமேரி துளையில் கண்ணை வைத்தாள்.

"அண்ணே... மஞ்சள்ல நிக்குது."

"வெறும் பெட்டிதானுங்களே அம்மிணி. நல்லாப் பாருங்க."

அவரே குனிந்து பார்த்தார். மஞ்சள். பெட்டியை இழுத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை, கொஞ்சம் மழைத் தண்ணீர். அதையும் துடைத்து எடுத்தார். ஆனால் ஒரு நாற்றம்... நனைந்த கம்பளி நாற்றம். யாரோ மழையில் நனைந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி. மறுபடி அனுப்பினார்கள். மறுபடி மஞ்சள்.

அங்கே முன்னால் யாராவது செத்தார்களா என்று கேட்காதீர்கள். நாங்களும் விசாரித்துப் பார்த்தாயிற்று. யாரும் இல்லை.

பூபதிராஜா ஆபீசுக்குப் போன் போட்டார். எஞ்சினியர் சத்தம் போட்டது அன்னமேரிக்கே கேட்டது.

"வடம் சரி, நட்டு சரி. பின்னே என்ன பிரஷ்னம்? பேய் ஏறியிருக்குன்னு எழுதித் தருவியா? நாளைக்கு அந்தப் பொண்ணு ஏறலேன்னா வேற ஆளை வெச்சுக்கறேன்."

பூபதிராஜா போனைப் பையில் போட்டார். பெட்டியில் ஆள் ஏறக் கூடாது என்று எழுத, அந்த மஞ்சள் கோட்டைத் தவிர அவர் கையில் ஒரு காரணமும் இல்லை.

"கையெழுத்துப் போடறவன் மொதல்ல ஏறோணும். எங்க தொழில்ல அதானுங்க மொறை. நாளைக்கு நீங்க ஏறுறதுக்கு முன்னால இன்னைக்கு நான் ஏறிப் பாத்தர்றனுங்க."

"வேண்டாம்ண்ணே. எனக்குப் பயமாருக்கு."

"எனக்கும்தானுங்க," என்று சிரித்தார்.

அன்னமேரிக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்காக என்று அதுவரை யாரும் ஒரு அடி முன்னால் வைத்ததில்லை.

ஏறினார். வின்ச்சைச் சுற்றினாள். கடக்... கடக்... நடு ஆற்றில் பெட்டி நின்றது. அவர் நடுவில் உட்காரவில்லை. பஸ் சீட்டில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுகிறவர் போல ஒரு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அவள் துளையில் பார்த்தாள்.

சிவப்பு.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். இறங்கினார். முகத்தில் ஒன்றும் இல்லை. ஏனுங்க இல்லை, அம்மிணி இல்லை, ஒரு வார்த்தை இல்லை. காகிதத்தில் 'பாதுகாப்பானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். படியேறிப் போய் பைக்கை எடுத்தார். பைக் சத்தம் மேலே மேலே ஏறி... கொண்டை ஊசி வளைவில் நின்றது.

பூட்டுவதற்கு முன் வெறும் பெட்டியை இன்னொரு தரம் நடுவில் நிறுத்தி, கோட்டைப் பார்த்து எழுத வேண்டும். அது விதி. அனுப்பினாள். பார்த்தாள்.

சிவப்பு. வெறும் பெட்டி... சிவப்பு.

அப்போது அவள் போன் அடித்தது. பூபதிராஜா நம்பர். எடுத்தாள். உள்ளே ஓவென்று ஆற்றுச் சத்தம்.

"அம்மிணி... எத்தனை நேரமுங்க நடு ஆத்துல உக்கார வெச்சிருப்பீங்க? இழுங்க... இருட்டுதுங்க."

அவள் ஓடியிருக்கலாம். நானாக இருந்தால் ஓடியிருப்பேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவள் ஓடவில்லை. தனக்காக ஏறியவரை ஆற்றில் விட்டுவிட்டு எப்படிப் போவது? வின்ச்சைப் பிடித்துச் சுற்றினாள். இரண்டு ஆள் கனம். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. கடக்... கடக்... பெட்டி கரையைத் தொட்டது. உள்ளே யாரும் இல்லை.

பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி மேலே எழும்பியது. ஆள் இறங்கினால் எழும்புமே, அப்படி. அதே நொடி மேலே வளைவில் நின்ற பைக் உறுமியது. இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. "மாதாவே..." என்று அன்னமேரி அங்கேயே மண்டி போட்டாள்.

அப்புறம்... பெட்டி இன்னொரு தரம் குலுங்கி எழும்பியது.

அந்தக் கரையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

மறுநாள் காலை வெறும் பெட்டி ஒழுங்காக வெள்ளையில் நின்றது. அன்னமேரி ஏறி அளந்தாள். அவள் ஏறிய பிறகு கோட்டைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. சுற்றிய ஆபீஸ் ஆட்கள் மட்டும் வின்ச் ரொம்பக் கனக்கிறது, கிரீஸ் போட வேண்டும் என்றார்களாம். பூபதிராஜா சித்தூரில் நன்றாகத்தான் இருக்கிறார். பெட்டியில் ஏறியது வரைதான் ஞாபகம் என்கிறார்.

போன மாதம் அன்னமேரிக்குக் காய்ச்சல். பாஸ்கல்தான் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். நீங்கள் பார்த்திருப்பீர்கள், காற்றடித்தால் விழுகிற பெண். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டில் நாற்பத்தெட்டு கிலோ என்று இருக்கிறது. எடை மெஷினில் ஏற்றினார்கள். முள் நூற்றுப் பதினாலில் போய் நின்றது. மெஷின் கெட்டுவிட்டது என்று நர்ஸ் அவளை இறக்கிவிட்டுத் தான் ஏறிப் பார்த்தாள். சரியாகக் காட்டியது. அன்னமேரியை மறுபடி ஏற்றினார்கள்.

நூற்றுப் பதினாலு.