புல்லாங்குழல் நின்ற இடம்

ரிச்சர்ட்ஸ் டவுனில் பஸ் ஏறிய பெண், எனக்கு முன் இருக்கையில் இடம் பிடித்து வைத்திருந்த தோழியின் பக்கத்தில் உட்கார்ந்ததுமே சொன்னாள்: "நான் நின்னேன்டி, புல்லாங்குழலும் நின்னுடுச்சு."

உடனே என் இயர்போன் பாட்டை நிறுத்தினேன். அது ஓடுவதுபோலத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் நான் ஆடிய ஒரே ஆட்டம் அதுதான்.

"மூச்சு வாங்கியிருப்பாரு," என்றாள் தோழி.

"போடி. டான்ஸ் கிளாஸ்ல நாங்க எல்லாரும் மனசுக்குத் தோணினபடி ஆடுவோம். குழல் வாசிக்கறவரு எங்கள்ல ஒருத்தர மனசுக்குள்ள எடுத்துக்கிட்டு, அவங்க அசைவுக்கு வாசிப்பாரு. யாருன்னு சொல்ல மாட்டாரு. இன்னிக்கு நான் கை தூக்கினதும் மறுபடி ஆரம்பிச்சாரு."

"சரி மகாராணி, அடுத்த வாரமும் நீதானான்னு பாரு."

"அடுத்த வாரம் அவரு இல்ல. மைசூருக்கே போயிடறாரு. இனிமே ஸ்பீக்கராம். நான் நின்னாலும் அது ஓடிட்டே இருக்கும்."

தோழி அவள் பக்கம் திரும்பினாள். "அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே?"

"ஆடற ஹால்ல யாரும் பேசக்கூடாதுல்ல."

"வெளிய வந்து?"

"வந்தாரு. அவரு கைல குழல் இல்ல, நானும் ஆடல. என்னன்னு பேசறது?"

"கையையாவது தூக்கியிருக்கலாம்."

"தூக்கினேன்டி. பஸ்ஸுக்குக் காட்டறேன்னு நினைச்சு, அவரே ரோட்டுக்கு ஓடி இத நிறுத்திக் குடுத்தாரு."