செருப்போடு நுழைய முடியாத தகர ஸ்டோர்

கிள்ளான் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க வீட்டு ஸ்டோருக்குள்ள செருப்பு போட்டுக்கிட்டுப் போக முடியலக்கா,” என்றாள் இளையவள்.

“ஏம்மா?”

“புல்லு வெட்டுற மெஷின் வைக்க, வீட்டுக்குப் பின்னால தகர ஸ்டோர் வாங்கிப் போட்டோம். தனித்தனியா வந்த தகடு, கம்பி எல்லாத்தையும் எங்க வீட்டுக்காரரே சேர்த்து முடுக்கினாரு. கடைசியில ஒரு கம்பி மிச்சம். எதுக்குன்னு தெரியாம கூரை உச்சியில நிமிர்த்தி மாட்டிட்டாரு.”

“சரி.”

“பாராங் கத்தியில துரு. எலுமிச்சம்பழத்தால தேய்ச்சு, பழத்தோடயே ஸ்டோர் வாசல்ல குத்தி வச்சிட்டு வந்துட்டாரு. காலையில பார்த்தா சுருட்டு, ஊதுபத்தி! பக்கத்து வீட்டு ஆன்டி முனீஸ்வரர் கோயில்னு நெனச்சு வேலி தாண்டி வந்து கும்பிட்டுட்டாங்க.”

அக்கா சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

“உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே லா!”

“எப்படிக்கா? அந்த வாரமே அவங்க மகளுக்கு மாப்பிள்ளை அமைஞ்சிருச்சே! இப்ப எங்க வீட்டுக்காரரே கற்பூரம் காட்டிட்டுத்தான் மெஷின வெளிய எடுக்கிறாரு.”

ஷா ஆலம் வந்தது. இறங்க எழுந்த அக்கா, சிரித்துச் சிரித்து வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

“வெள்ளிக்கிழமை நானும் வரட்டா? எம்மவனுக்கு இன்னும் வேல கெடைக்கல.”