இரண்டு இழுப்பு

வலது தோள்பட்டை ஒரு வாரமாகக் குடைகிறது இன்ஸ்பெக்டர் ஐயா, சுவரில் சாய்ந்துகொண்டே சொல்கிறேன். கயிறு பிடிக்கிறவனுக்கு முதலில் போவது தோள்தான்.

நாங்கள் அம்பர் தோண்டுகிறவர்கள். மரப்பிசின் மண்ணுக்குள் கிடந்து கிடந்து கல்லாகிப்போனது அது. குழி ஓர் ஆள் அகலம், பத்து ஆள் ஆழம். தங்கை புருஷன் இறங்குவான்; நான் மேலே நிற்பேன். கீழேயிருந்து அவன் இடுப்புக் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால், தனிக் கயிற்றில் தொங்கும் கூடையைத் தூக்க வேண்டும். இரண்டு இழுத்தால் ஆளை. பதினோரு வருஷத்தில் எனக்கு எண்ணிக்கை தப்பியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஒரு கல்லுக்குள் சிலந்தி இருந்தது, கழுத்து நீண்டது. அருங்காட்சியகத்து அம்மா பார்த்துவிட்டு, இதன் இனம் இன்றும் மரப்பட்டைக்கு அடியில் உயிரோடு திரிகிறது என்றார். "கல்லுல இன்னொரு வகை கிடைச்சா கொண்டாங்க. அதுக்கு உங்க பேரையே வைக்கிறேன்."

கூலிச் சீட்டில்கூட ஒழுங்காக எழுதாத என் பெயரை.

ஒரு வருஷம் தோண்டியும் கல்லில் இன்னொன்று கிடைக்கவில்லை. கடைசியில் மூன்று நாள் மரப்பட்டை உரித்தேன், உயிருள்ள சிலந்தி ஒன்று கிடைத்தது. கல்லைப் பிளந்து, குடைந்து, உள்ளே விட்டுப் பிசினை உருக்கி ஊற்றினேன். செத்ததைப் போட்டால் கால் சுருண்டுவிடும். அதனால் உயிரோடு.

அம்மா கல்லை வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளைக்குத்தான் சிரிப்பு தாங்கவில்லை.

"என்ன மச்சான், முந்தாநாள் டப்பாவுல ஓடுனவரு இன்னிக்குக் கோடி வருஷத்துப் பெரியவரா? தெரிஞ்சிருந்தா கும்பிட்டிருப்பேனே!"

"வாய மூடு."

"அந்தம்மா நம்மள நம்புது மச்சான். நீங்களே சொல்லிடுறீங்களா, சாயங்காலம் நான் போய்ச் சொல்லட்டுமா?"

சொல்லிவிட்டு வழக்கம்போல இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

அன்று மதியம் குழிக்குள் ஊற்று உடைந்தது. இரண்டு இழுப்பு வந்தது. நான் யாரையும் தள்ளவில்லை. கயிற்றை அறுக்கவில்லை. அவன் பிடித்து ஏறப் பார்த்தபோதெல்லாம் ஒரு முழம் விட்டுக்கொடுத்தேன், அவ்வளவுதான். தோள் அதில்தான் போனது. இரண்டிரண்டாக இருபத்துமூன்று தடவை. கடைசியாக வந்தது ஒற்றை. ஒற்றைக்குக் கூடைதான் முறை, கூடையைத் தூக்கினேன். சேறுதான் இருந்தது.

சாயங்காலமே குழியை மண் போட்டு மூடினேன். மேட்டில் அப்படி மூடிய குழிகள் நாற்பதுக்கு மேல். தங்கை தினமும் வந்து ஒவ்வொன்றின் மேலும் நின்று பார்க்கிறாள்.

அவன் கிடக்கிற குழி எது என்று சொல்ல மாட்டேன். அந்தச் சிலந்தி அசல் இனம்தான், வயதுதான் பொய். அம்மா வாக்குக் கொடுத்தபடி என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரட்டும், காட்டுகிறேன். வருந்துகிறேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் வேலையில் நான் குறை வைத்தவனில்லை. மாப்பிள்ளைக்கு நான் வைத்திருக்கும் பாக்கி ஒன்றே ஒன்று: அவனை மேலே தூக்குவது.