சின்டர்கிளாஸ் கேட்ட கேள்வி

"அந்த நோட்டுல அப்படி என்னதான்டி எழுதுற? காட்டினா குறைஞ்சா போயிடுவ?" என்று என் தோழி ஜோரிந்தே ஒருமுறை கேட்டாள். கேட்டவள் அவள் ஒருத்திதான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மெனோவின் புத்தகக் கடையில் தூசி தட்டிக்கொண்டிருந்த என்னிடம் வேறு யார் கேட்பார்கள்? நான் காட்டவில்லை. அவள் கோபித்துக்கொள்ளவும் இல்லை. கடையின் பின்னறையில், என் மேசையில் உட்கார்ந்துதான் தன் கதையை எழுதினாள். ஒவ்வொரு பக்கத்தையும் எனக்குப் படித்துக் காட்டினாள்.

இளம் எழுத்தாளர் பரிசு அந்தக் கதைக்குத்தான் கிடைத்தது. வயது வரம்பு இருபத்தைந்து. எனக்கு இருபத்துநாலு முடிந்திருந்தது; அடுத்த வருடம் ஒன்றுதான் மிச்சம். ஒரே ஊருக்கு அடுத்தடுத்து இரண்டு முறை தர மாட்டார்கள் என்று தோன்றியது.

டிசம்பர் ஐந்து, எங்கள் டச்சுக்காரர்களுக்குப் பரிசுப் பொட்டலம் கொண்டுவரும் சின்டர்கிளாஸ் தாத்தாவின் நாள். பரிசுக் குழுவினரும் கடைக்கு வந்திருந்தார்கள். அன்று பொட்டலத்தோடு ஒரு கேலிப்பாட்டும் இருக்கும். எழுதியவர் பெயர் இருக்காது, சின்டர்கிளாஸ் எழுதியதாகப் பேர். பொட்டலம் யாருக்கோ அவரே அதை உரக்கப் படிக்க வேண்டும், கோபப்படக் கூடாது. ஜோரிந்தே சிரித்துக்கொண்டே படித்தாள்:

"வெற்றி மாலை பொருந்துது கண்ணே,
கதை மட்டும் யாரிடம் வாங்கினாய் பெண்ணே?"

"சரியான குத்து! சின்டர்கிளாஸ்கிட்ட எதையும் ஒளிக்க முடியாதும்மா!" என்று மெனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குழுத் தலைவர் டெய்ன்ஸ்ட்ரா மட்டும் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "விளையாட்டுதான். ஆனா எழுதினவங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு."

நான் யார்மேலும் குற்றம் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான்.

ஜனவரியில் டெய்ன்ஸ்ட்ரா என்னைத் தனியே அழைத்தார். "நீ பொய் சொல்ற பொண்ணு இல்ல. அந்தக் கதை அவளோடதுதானா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிறு வயதிலிருந்தே எனக்குக் கூச்சம் அதிகம்.

"சொல்லச் சங்கடமா இருக்கா? புரியுது, விடும்மா."

அவராகப் புரிந்துகொண்டதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அந்தக் கதை யாருடையது என்று குழு சண்டை போட்டுப் பிரிந்தது. பரிசையே நிறுத்திவிட்டார்கள். எனக்கிருந்த ஒரே வாய்ப்பும் அதோடு போயிற்று. அந்த நஷ்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மார்ச்சில் ஜோரிந்தே ஐசெல் ஆற்றில் இறங்கினாள். மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்தாள்.

நேற்று அவளுடைய அம்மா வந்தார், கையில் அந்தப் பாட்டோடு. "இது கடை டைப்ரைட்டர்ல அடிச்சது. மெனோதான் அடிச்சாருன்னு ஊரே பேசுது. உனக்கு ஏதாவது தெரியுமா, ஹில்லா?"

பாவம், மெனோவுக்கு இரண்டு வரி சேர்ந்தாற்போல் எழுத வராது. நான்தான் அடித்தேன் என்றேன். கதை முழுக்க அவளுடையதுதான், எழுதும்போது பக்கத்திலேயே இருந்தேன் என்பதையும் மறைக்கவில்லை. காபி ஊற்றி வைத்தேன். எங்கள் ஊரில் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். என்மேல் தப்பிருந்தால் அவரும் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, காபியைத் தொடாமலேயே வெளியே போய்விட்டார்.