வரிசையில் நின்ற சீட்டு

பழைய கம்ப்யூட்டரில் பிரின்டர் மக்கர் செய்தால், சார், முதலில் கேபிளைப் பாருங்கள். பாதி நேரம் அதுதான். இல்லையென்றால் உள்ளே அச்சுக்குக் காத்திருக்கும் வரிசையைத் திறந்து பாருங்கள். முன்னால் ஒன்று சிக்கினால் பின்னால் நிற்பதெல்லாம் அப்படியே நிற்கும். துடைத்துவிட்டுத் திரும்ப ஓடவிட்டால் தீர்ந்தது. ஐந்து நிமிஷ வேலை.

எங்கள் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் இருந்த கம்ப்யூட்டர் பதினெட்டு வருஷப் பழசு. அங்குள்ள சோதனை இயந்திரத்துக்குப் புதுசு எதுவும் ஒத்துவராது. அதனால் அதைப் பார்த்துக்கொண்ட என்னையும் யாரும் அசைக்கவில்லை. மானிட்டர் ஓரத்தில் என் நம்பரை எழுதி ஒட்டியிருந்தார்கள். நீங்கள் அறைக்குள் நுழைந்தாலே அது ஒழுங்காகிவிடுகிறது என்பாள் அங்கே வேலை செய்த டெக்னீஷியன் பெண். வீட்டில் பல்பு மாற்றக்கூட என் மனைவி எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடுவாள்.

பிறகு ஆறு மாதம் ஒரு மக்கரும் இல்லை. தானாக ஓடுவதற்கு ஓர் ஆள் எதற்கு என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. வாரம் ஒருமுறை, என் மேசையிலிருந்தபடியே அச்சு வேலையை நிறுத்திவைத்தேன். கூப்பிடுவார்கள், போவேன், சரியாகிவிடும். டீயும் கிடைக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையும் அப்படித்தான். பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு அவசரமாக ரத்தம் கேட்டிருந்தார்கள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ரத்தம் பொருந்துகிறது என்ற சீட்டு வந்தால்தான் பையைத் தருவார்கள். டெக்னீஷியன் பேனாவை எடுத்து, கையாலேயே எழுதித் தரட்டுமா என்று கேட்டாள்.

"கையால எழுதினா செல்லாதும்மா. ரெண்டு நிமிஷம் பொறு."

செல்லும். அவசரத்துக்கு எழுதித் தரலாம் என்ற விதியை டைப் செய்து அச்செடுத்துக் கொடுத்ததே நான்தான். அவள் பேனாவை வைத்துவிட்டு மேனேஜருக்கு ஃபோன் செய்தாள். அவரும் வந்து பார்க்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. கேபிளைக் கழற்றி மாட்டினேன். பின்பக்கத் தூசியை ஊதினேன். கவுன்ட்டருக்கு வெளியே அந்தப் பெண்ணின் கணவர் நின்றிருந்தார்.

"சார், ஆயிடுமா?"

"ஆயிடும். உக்காருங்க."

உட்கார்ந்தார். மரியாதையான மனிதர்.

மேனேஜர் வர நாற்பது நிமிஷம் ஆனது. அவர் கண்ணெதிரே ஒரே ஒரு பட்டனைத் தட்டினேன். சீட்டு வந்தது. நல்லவேளை நீங்கள் இருந்தீர்கள் என்றார். சீட்டைக் கிழித்து எடுக்கும்போதே வார்டிலிருந்து ஃபோன் வந்தது. ரத்தம் இனி வேண்டாமாம்.

நிறுத்தியது நான். தெரிந்தே தாமதித்ததும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் விசாரணை அறிக்கையில் 'பிரின்டர் பழுதால்' என்று எழுதியிருக்கிறார்களே, அதை மட்டும் திருத்திவிடுங்கள், சார். என் பொறுப்பில் இருந்தவரை அதில் ஒருநாளும் பழுது இருந்ததில்லை.